முன்னால் செக்கிங் இருக்கிறது: ஒரு ஹெட்லைட் சைகையைப் பற்றி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கோவளத்தைத் தாண்டிச் சென்னை நோக்கி வந்துகொண்டிருந்தேன். சாலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் எதிரே வந்த ஒரு வெள்ளைக் கார் ஹெட்லைட்டை இரண்டு முறை மின்னவிட்டுக் கடந்து போனது. எனக்கு முன்னால் ஏறக்குறைய நூறில் போய்க்கொண்டிருந்த சாம்பல் நிறக் காரின் பிரேக் விளக்குகள் உடனே எரிந்தன. வண்டி ஐம்பதுக்கு இறங்கியது. நானும் பழக்கதோஷத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். அரைக் கிலோமீட்டர் தள்ளி, சவுக்கு மரங்களின் நிழலில் போக்குவரத்துக் காவல்துறையின் வேகம் அளக்கும் இன்டர்செப்டர் வண்டி நின்றுகொண்டிருந்தது. அதைச் சாதுவாகக் கடந்த சாம்பல் நிறக் கார், அடுத்த வளைவுக்குள் பழைய வேகத்தைப் பிடித்துக் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது.

வெள்ளைக் கார்க்காரர் செய்தது உதவியா, உபத்திரவமா என்ற கேள்வி எளிமையாகத் தோன்றினாலும், அதற்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. சட்டம் அதைக் குற்றம் என்கிறதா என்பது ஒன்று. அந்தச் சைகையால் சாலையில் வேகம் உண்மையில் குறைகிறதா என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் நம் ஊரில் அதிகம் பேசப்படுவது: காவல்துறை மறைந்து நின்று பிடிப்பது நியாயமா, அப்படிப் பிடிப்பவர்களிடமிருந்து சக ஓட்டுநரைக் காப்பாற்றுவதில் என்ன தவறு என்பது. பெரும்பாலான வாக்குவாதங்கள் மூன்றாவதில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன.

சென்னையில் இந்த எச்சரிக்கை பல உருவங்களில் நடக்கிறது. எதிரே வரும் பைக்காரர் தன் தலையைத் தட்டிக் காட்டினால் முன்னால் ஹெல்மெட் சோதனை நடக்கிறது என்று பொருள். பெட்ரோல் டேங்கின் மேல் கிடக்கும் ஹெல்மெட் அடுத்த நொடி தலைக்கு ஏறும், சோதனையைத் தாண்டியதும் மறுபடி டேங்குக்கு இறங்கும். சிக்னலில் பக்கத்தில் நிற்கும் ஆட்டோக்காரர் ‘அண்ணா, பாலத்துக்குக் கீழ செக்கிங் போகுது’ என்பார். ஹெட்லைட் சைகையில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊரில் ஹெட்லைட்டை மின்னவிட்டால் ‘நான் வருகிறேன், நீ நில்’ என்று அர்த்தம். பிரிட்டனில் அதே சைகையைப் பெரும்பாலும் ‘நீங்கள் முதலில் போங்கள்’ என்ற மரியாதையாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே விளக்கு மூன்று செய்திகளைச் சொல்லும்போது, சாலையைக் கடக்க நிற்கும் ஒருவர் எதை நம்பிக் காலை எடுத்து வைப்பது என்பதும் யோசிக்க வேண்டியதுதான்.

முதலில் சட்டம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 112-ஆவது பிரிவு வேக வரம்பைப் பற்றியும், 183-ஆவது பிரிவு அதை மீறுவதற்கான தண்டனையைப் பற்றியும் பேசுகின்றன. 2019-இல் நாடாளுமன்றம் செய்த திருத்தத்தின்படி, கார் போன்ற இலகுரக வாகனங்களுக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரையும், நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம். தமிழ்நாடு இந்தப் புதிய அபராதத் தொகைகளை 2022 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 183-ஆவது பிரிவில் பலரும் கவனிக்காத ஓர் உட்பிரிவு உண்டு: ‘வண்டி வேகமாகப் போனது என்று எனக்குத் தோன்றியது’ என்கிற ஒரே ஒரு சாட்சியின் கருத்தை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்க முடியாது, அந்தக் கருத்து ஒரு கருவியால் கணக்கிடப்பட்டதாக இருக்க வேண்டும். காவலர் கையில் ஸ்பீடு கன் இருப்பதற்குச் சட்டரீதியான காரணம் இதுதான். ரேடார் கருவி, வண்டியில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதிலிருந்து வேகத்தைக் கணிக்கிறது. லேசர் கருவி, ஒளித் துடிப்புகளை அடுத்தடுத்து அனுப்பித் தூரம் எப்படிக் குறைகிறது என்பதிலிருந்து கணிக்கிறது. சாலையோரத்தில் சாய்வான கோணத்தில் நின்று ரேடாரைப் பிடித்தால், அது உண்மை வேகத்தைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும், கூட்டிக் காட்டாது. ‘தள்ளி நின்று பிடித்ததால் தப்பாகக் காட்டிவிட்டது’ என்று வாதாடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

எச்சரிப்பவரைத் தண்டிக்க இந்தச் சட்டத்தில் தனிப் பிரிவு எதுவும் கிடையாது. அருகில் வரக்கூடியது, அரசு ஊழியர் தம் கடமையைச் செய்வதற்கு வேண்டுமென்றே இடையூறு செய்வதைக் குற்றமாக்கும் பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 186-ஆக இருந்த இது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 221-ஆவது பிரிவாக இருக்கிறது. மூன்று மாதம் வரை சிறை, 2,500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு விளக்கை மின்னவிடுவது இந்த ‘இடையூறு’ என்ற சொல்லுக்குள் அடங்குமா என்பதுதான் கேள்வி. அதற்கு விடை தேடப் போனால், நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முந்தைய இங்கிலாந்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

1903-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே மோட்டார் வண்டிகளுக்கு மணிக்கு 20 மைல், அதாவது சுமார் 32 கிலோமீட்டர் என்ற வரம்பை வைத்தது. காவலர்கள் வேலிப் புதர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அளந்து குறித்த தூரத்தை ஒரு கார் எத்தனை நொடியில் கடக்கிறது என்று நிறுத்து கடிகாரத்தில் பார்த்துப் பிடித்தார்கள். இதற்கு எதிராகக் கார் வைத்திருந்தவர்கள் 1905-இல் ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். இன்று சாலையில் பழுதாகி நிற்கும் வண்டிகளுக்கு உதவிக்கு வரும் மதிப்புமிக்க அந்த அமைப்பின் முதல் வேலையே, சைக்கிளில் ஆட்களை அனுப்பி, போலீஸ் எங்கே ஒளிந்திருக்கிறது என்று உறுப்பினர்களுக்குச் சொல்வதாகத்தான் இருந்தது. அந்த ஆட்கள் மேல் வழக்கு வந்தது. 1907-இல் பதிவான ஒரு தீர்ப்பு, எச்சரிக்கப்பட்ட கார்கள் அந்த நேரத்தில் வேக வரம்பை மீறிக்கொண்டிருந்தன என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதால், எச்சரித்தவர் மேல் குற்றம் இல்லை என்றது. 1910-இல் பதிவான இன்னொரு தீர்ப்பில் விஷயம் மாறியது: அங்கே எச்சரிக்கப்பட்ட கார்கள் ஏற்கெனவே வரம்பு மீறி வந்துகொண்டிருந்தன, எச்சரிக்கையால் அவை வேகத்தைக் குறைத்ததால் காவலர்களுக்குச் சாட்சியம் கிடைக்காமல் போனது, ஆகவே அது இடையூறுதான் என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

அதற்குச் சங்கம் கண்டுபிடித்த வழி ரசிக்கத்தக்கது. சங்கத்தின் சின்னம் பொருத்திய காரைக் கண்டால் அதன் ஆள் வழக்கமாகச் சல்யூட் அடிப்பார். முன்னால் போலீஸ் இருந்தால் அடிக்க மாட்டார். சல்யூட் வரவில்லை என்றால் வண்டியை நிறுத்திக் காரணம் கேளுங்கள் என்று உறுப்பினர்களுக்கு அறிவுரை சொல்லப்பட்டது. மரியாதை செய்யவில்லை என்பதற்காக ஒருவர்மேல் வழக்குப் போட முடியாது அல்லவா!

அந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையிலான வேறுபாடு அங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது. 2005-இல் எதிரே வந்தவர்களை எச்சரித்த ஒரு லாரி ஓட்டுநரின் தண்டனையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோதும், எச்சரிக்கப்பட்டவர்கள் வேகமாக வந்தார்கள் அல்லது வரவிருந்தார்கள் என்பதற்குச் சாட்சியம் இல்லை என்பதையே காரணமாகக் காட்டியது. அமெரிக்காவில் வாதம் வேறு திசையில் போனது. மிசூரி மாநிலத்தின் எல்லிஸ்வில் என்ற சிறு நகரில் 2012-இல் ஹெட்லைட் சைகை காட்டியதற்காகப் பிடிபட்ட ஒருவர் வழக்குத் தொடர, 2014-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்தச் சைகையைப் பேச்சுரிமையின் பகுதியாகக் கருதி, நகரக் காவல்துறைக்கு இடைக்காலத் தடை விதித்தது. சட்டப்படி நடந்துகொள் என்றுதானே அவர் சொல்கிறார், அதை எப்படித் தடுப்பது என்பது அங்கே வாதம். சுவிட்சர்லாந்து இதற்கு நேர் எதிர்: போலீஸ் சோதனை பற்றிப் பொதுவில் எச்சரிப்பதே அங்கே 2013 முதல் தண்டனைக்குரியது.

இந்தத் தீர்ப்புகள் எதுவும் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் 1910-இன் வேறுபாடு ஒரு பயனுள்ள அளவுகோல் என்று நினைக்கிறேன். யாரை எச்சரிக்கிறோம் என்று நமக்குத் தெரியுமா? கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிரே வந்த வெள்ளைக் காருக்கு எங்கள் இருவரைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. எங்களில் ஒருவர் குழந்தையை உட்கார வைத்து அறுபதில் வந்திருக்கலாம். இன்னொருவர் இரவு முழுதும் குடித்துவிட்டு வந்திருக்கலாம். மூன்றாவது வண்டி திருடப்பட்டதாகவே இருந்திருக்கலாம். சைகை எல்லோருக்கும் ஒன்றாகத்தான் போய்ச் சேருகிறது.

இனி வேகம். எச்சரிக்கையை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம், ‘வேகத்தைக் குறைப்பதுதானே நோக்கம், என் சைகையும் அதைத்தான் செய்தது’ என்பது. இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் வேகம் குறைவது உண்மை. கேள்வி எவ்வளவு தூரத்துக்கு என்பதுதான். ஒரே இடத்தில் நிற்கும் கேமராவைக் கண்டால் ஓட்டுநர்கள் அந்த இடத்தில் மட்டும் பிரேக் பிடித்து, தாண்டியதும் மறுபடி வேகமெடுப்பது உலகெங்கும் காணப்படும் வழக்கம். கங்காரு தாவுவதுபோல் என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். எச்சரிக்கை சைகை அந்தத் தாவலை இன்னும் சுலபமாக்குகிறது. வேகக் கண்காணிப்பின் பலன், பிடிபட்ட பத்துப் பேர் கட்டும் அபராதத்தில் இல்லை. எங்கே நிற்பார்களோ என்று தெரியாததால், நிற்காத இடத்திலும் மற்றவர்கள் மிதமாக ஓட்டுவதில் இருக்கிறது. சைகை அந்தச் சந்தேகத்தைத் தீர்த்து வைக்கிறது. எச்சரிக்கை வரவில்லை என்றால் வழி தெளிவாக இருக்கிறது என்றும் அது சொல்லிக்கொடுத்துவிடுகிறது. நாளடைவில் இந்த இரண்டாவது செய்திதான் ஆபத்தானது.

எவ்வளவு ஆபத்து என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். 80 என்பது நொடிக்கு 22 மீட்டர். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால், மோதலில் வெளிப்படும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால், 78 சதவீதம் அதிகமாகிறது. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மணிக்கு 50-இல் மோதப்படும் பாதசாரியைவிட 65-இல் மோதப்படுபவர் இறக்கும் வாய்ப்பு நாலரை மடங்கு என்பதும் அதன் கணக்கே. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 71 சதவீதத்துக்கு மேற்பட்டோர் அதிவேகத்தால் நேர்ந்த விபத்துகளில் இறந்தவர்கள் என்று அது வகைப்படுத்துகிறது. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இறப்புகளில் 17,884 பேருடன் உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்த இடம். விபத்துக்கான காரணத்தை எழுதும்போது காவல் நிலையங்கள் ‘அதிவேகம்’ என்ற கட்டத்தைத் தாராளமாக நிரப்புகின்றன என்ற விமர்சனம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. சாலைக் குழியும் வெளிச்சமின்மையும் அந்தக் கட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும். ஆனால் எந்தக் காரணத்தால் மோதினாலும், எந்த வேகத்தில் மோதினோம் என்பதுதான் மருத்துவமனையா, மயானமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகும், சென்னைக்காரர்கள் ஏன் எச்சரிக்கிறார்கள் என்பதற்கு இது பதிலாகாது. எச்சரிக்கிறவர்களில் பெரும்பாலோர் வேகப் பிரியர்கள் இல்லை. ‘நாளைக்கு எனக்கும் யாராவது காட்டுவார்கள்’ என்ற பரஸ்பர உதவி ஒரு பக்கம். மறுபக்கம், இது விபத்தைத் தடுப்பதற்காக இல்லை, வசூலுக்காக என்ற ஆழமான நம்பிக்கை. அந்த நம்பிக்கை சும்மா வரவில்லை. சரிவில் இறங்கி அகலமான சாலையில் சேரும் இடத்தில், வண்டி தானாகவே வேகமெடுக்கும் இடத்தில், பிடிப்பதற்கு ஆள் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு வரும் எரிச்சல் அது. பள்ளிக்கூட வாசலில் அதே ஸ்பீடு கன்னைப் பார்த்திருந்தால் அவர்களே கைதட்டியிருப்பார்கள்.

வரம்பு எவ்வளவு என்பதிலேயே தெளிவில்லாமல் இருந்ததும் ஒரு காரணம். 2018 ஏப்ரலில் மத்திய அரசு நகராட்சி எல்லைக்குட்பட்ட சாலைகளில் கார்களுக்கு 70, இரு சக்கர வாகனங்களுக்கு 60 என்று உச்ச வரம்பை உயர்த்தியது. அதற்குக் குறைவாக வைத்துக்கொள்ளும் அதிகாரம் மாநிலங்களுக்கு இருந்தது. அந்த அறிவிக்கையை 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கின் தீர்ப்பில் ரத்து செய்தது. 2023 ஜூனில் மாநகருக்குள் பகலில் 40 என்ற வரம்பைக் கருவி வைத்து அமல்படுத்தப் போவதாகச் செய்தி வந்தபோது எழுந்த அதிருப்தி பலருக்கும் நினைவிருக்கும். அது நிறுத்தி வைக்கப்பட்டு, அதே ஆண்டு நவம்பர் 4 முதல் புதிய வரம்புகள் வந்தன. இலகுரக வாகனங்களுக்கு 60, கனரக வாகனங்களுக்கும் இரு சக்கர வாகனங்களுக்கும் 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வாகனங்களுக்கும் 30. ஒரே சாலையில் மூன்று எண்கள் இருப்பதில் தவறில்லை, காரணமும் இருக்கிறது. ஆனால் என் வீட்டிலிருந்து அலுவலகம் வரையான பதினான்கு கிலோமீட்டரில், ஒரு வாரம் கவனித்துப் பார்த்ததில், என் கண்ணில் பட்ட வேக வரம்புப் பலகைகள் நான்கு. அதில் ஒன்றை வேப்பங்கிளை பாதி மறைத்திருந்தது, இன்னொன்றின் மேல் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி.

சட்டம் இந்த இடத்தில் பொதுமக்கள் பக்கமே நிற்கிறது. 2019 திருத்தம் 136ஏ என்ற பிரிவைச் சேர்த்து மின்னணுக் கண்காணிப்புக்கு வழி செய்தது. அதன் கீழ் 2021 ஆகஸ்டில் வந்த 167ஏ விதி, கண்காணிக்கப்படும் சாலைப் பகுதிக்கு முன்னால் ‘இங்கே கருவி இயங்குகிறது’ என்று மக்களுக்குத் தெரிவிக்கும் எச்சரிக்கைப் பலகையைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்கிறது. கருவிக்கு அங்கீகாரச் சான்றிதழ் வேண்டும், அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும், குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. அதாவது, நிலையான கேமராவைப் பற்றி முன்கூட்டிச் சொல்வது அரசே தனக்கு விதித்துக்கொண்ட கடமை. அப்படியிருக்க, அந்தக் கேமரா எந்த மேம்பாலத்தின் எந்தத் தூணில் இருக்கிறது என்று நண்பருக்குச் சொல்வதையோ, கூகுள் மேப்ஸ் அதைத் திரையில் காட்டுவதையோ குறை சொல்வதில் பொருளில்லை. விபத்துகள் திரும்பத் திரும்ப நடக்கும் ஒரு வளைவில் கேமராவை வைத்தால், அதை எல்லோரும் அறிந்து அங்கே வேகத்தைக் குறைப்பதுதான் அதன் வெற்றியும்.

நடமாடும் சோதனையின் கதை வேறு. அது இன்று இங்கே, நாளை வேறெங்கோ என்பதிலேயே அதன் பயன் இருக்கிறது. அதிலும் இரவில் நடக்கும் குடிபோதைச் சோதனையைப் பற்றிய எச்சரிக்கையை எந்த நியாயத்தாலும் காப்பாற்ற முடியாது என்பது என் உறுதியான கருத்து. வேகமாக வந்தவர் எச்சரிக்கையைக் கண்டு வேகத்தைக் குறைக்கலாம். குடித்தவர் எச்சரிக்கையைக் கண்டு போதையைக் குறைக்க முடியாது. அவர் அடுத்த சந்தில் திரும்பிப் போவார், அவ்வளவுதான். சனிக்கிழமை இரவுகளில் வாட்ஸ்அப் குழுக்களில் ‘அந்தப் பக்கம் போகாதே, ஊதச் சொல்றாங்க’ என்று வந்து விழும் செய்திகள், 10,000 ரூபாய் அபராதத்திலிருந்து ஒருவரைக் காப்பாற்றி, தெருவிளக்கு இல்லாத குறுக்குச் சாலையில் நடந்து வரும் இன்னொருவரிடம் அவரை அனுப்பி வைக்கின்றன. பிரான்ஸ் இந்த வேறுபாட்டைச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அங்கே செயலிகள் கேமராவின் சரியான இடத்தைக் காட்டாமல் ‘ஆபத்துப் பகுதி’ என்று ஒரு நீளமான பரப்பைக் காட்டுகின்றன. மது சோதனை நடக்கும் இடங்களில் இரண்டு மணி நேரம் வரை பயனர் எச்சரிக்கைகளை நிறுத்தி வைக்க 2021 முதல் அதிகாரிகள் உத்தரவிட முடியும். நம் சட்டத்தில் இதுபோன்ற ஏற்பாடு இல்லை. இங்கே ஓட்டிக்கொண்டே அந்தச் செய்தியைத் தட்டச்சு செய்கிறவர், கையில் ஃபோனை வைத்து ஓட்டுவதற்கான தனிக் குற்றத்தில் மாட்டிக்கொள்வார் என்பது மட்டும் உறுதி; வழி பார்ப்பதற்கு, அதுவும் கவனம் சிதறாத வகையில், என்பதற்கு மட்டுமே விதியில் விலக்கு உண்டு.

மறைந்து நிற்பதா, தெரிய நிற்பதா என்ற சண்டையையே செல்லாக்காசாக்கும் ஒரு முறையும் வந்துவிட்டது. சாலையின் இரண்டு முனைகளில் கேமரா வைத்து, வண்டி எண்ணைப் படித்து, இடைப்பட்ட தூரத்தைக் கடக்க எடுத்த நேரத்தைக் கொண்டு சராசரி வேகத்தைக் கணக்கிடுவது அது. அன்றைய இங்கிலாந்துக் காவலர்களின் நிறுத்து கடிகாரமேதான், ஆள் மட்டும் இல்லை. பெங்களூரு–மைசூரு நெடுஞ்சாலையில் 2024 முதல் இப்படிப் பார்க்கிறார்கள். இந்த ஏற்பாட்டில் சைகைக்கு வேலையே இல்லை. ஓரிடத்தில் குறைத்து இன்னோரிடத்தில் கூட்டுவதால் லாபமும் இல்லை. முதல் கேமராவை வேகமாகத் தாண்டிவிட்டவர், இரண்டாவது வருவதற்கு முன் டீக்கடையில் இறங்கிப் பத்து நிமிடம் உட்கார்ந்தால் தப்பிக்கலாம். அப்படித் தப்பிக்கிறவர் மிச்சம் பிடித்த நேரத்தை டீக்கடையிலேயே விட்டுவிட்டுத்தான் போகிறார்.

மகாபலிபுரம் சாலையில் நானும் பல ஆண்டுகள் விளக்கை மின்னவிட்டவன்தான். கூடப் படித்தவர்களிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். அந்தச் சாம்பல் நிறக் காரைப் பார்த்த நாளிலிருந்து போலீஸ் சோதனைக்கு அதைச் செய்வதில்லை. சாலையின் குறுக்கே மாடு படுத்திருந்தாலோ, மழையில் மரம் சாய்ந்திருந்தாலோ, விபத்தில் சிக்கிய வண்டி இருட்டில் நின்றாலோ இப்போதும் மின்னவிடுகிறேன். எதிரே வருபவர்கள் அதைப் பார்த்ததும் செய்கிற முதல் காரியம், காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்து, சாலையோரத்தில் காக்கிச் சட்டையைத் தேடுவதுதான்.